நெஞ்சு பாரம்

மாரடைப்பு வந்து பிழைத்த பிறகு என் வீட்டுக்காரர் மருந்து குடிப்பதை விட்டுவிட்டார். மாத்திரையைக் கையில் கொடுத்தால் என் கண் முன்னால் வாயில் போடுவார். பிறகு வெளியே போய்த் துப்பிவிடுவார். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் காணில் அவை கிடப்பதைப் பக்கத்து வீட்டுக்காரிதான் காட்டினாள்.

"அண்ணன் காணுக்கு வைத்தியம் பாக்குறாரு போல, அக்கா."

அவள் சிரிக்கத்தான் சொன்னாள். நான் குனிந்து எத்தனை கிடக்கிறது என்று எண்ணினேன். மாத்திரையை விட்டால் மறுபடி அடைக்கும் என்று வார்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த காலத்தில் இவர் வாய் ஓயாது. இப்போது சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார். கேட்டால், "பொழச்சி என்னத்த கிழிக்கப் போறேன்" என்பார்.

அடுத்த கிளினிக்குக்கு நானும் போனேன். டொக்டர் சிங்களவர். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் இடையில் நின்று மொழிபெயர்த்தார். இவர் எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்ல" என்றார். வெளி ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் எழும்பப் போகும் நேரத்தில் எப்படியோ சொல்லிவிட்டேன்.

"இவருக்கு நெஞ்சு ரொம்ப பாரமா இருக்குங்க, மிஸ்."

தாதி தன் மார்பைத் தொட்டுக் காட்டி, மார்பு பாரமாம் என்று சிங்களத்தில் "பப்புவ பரய்லு" என்றார். டொக்டர் பதறிப்போய் இவரைப் படுக்கவைத்து ஈசிஜி எடுக்கச் சொன்னார். தாளைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"பயப்பட ஒண்ணுமில்ல அம்மா, நல்லா இருக்கு" என்றார் தாதி.

நான் சொன்னது மனசை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஹட்டனில் பஸ்ஸுக்கு நின்றபோது இவர் தானாகப் பேசினார்.

"பாத்தியா, மெஷினே நல்லாருக்குன்னு சொல்லிருச்சி. இனி மாத்திர எதுக்கு?"

"அப்ப ஏங்க இப்படிக் கெடக்குறீங்க?"

பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

மறுநாள் மாத்திரையைப் பொடித்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அவருக்கு வைத்த தேங்காய்ச் சம்பலில் கலந்தேன். காரத்தில் தெரியாது என்று நினைத்தேன். முதல் வாயிலேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் கூடத் தேவலை. சம்பலை ஓரமாக ஒதுக்கிவிட்டு ரொட்டியை மட்டும் தின்றார்.

இன்றுவரை வெறும் ரொட்டிதான் தின்கிறார். அதையும் பிய்த்து, உள்ளே பார்த்த பிறகே வாயில் வைக்கிறார்.