சுல்தானா கடை ஜாக்கெட்டும் எங்க ஊர் ஏரியும்

நேரமே இல்லீங்கன்னு சொல்றவங்களப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். டீக்கடையில உக்காந்து நாடு எப்படிப் போகணும்னு வாய் கிழியப் பேசுவாங்க. ஊருக்காக ஒரு மனு குடுக்கணும், ஒரு எட்டு வாங்கன்னா, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நடையக் கட்டிருவாங்க. எங்க வூட்டுக்காரர் ஆண்டியும் அந்த ரகந்தான். அவர் காதுல விழட்டும்னுதான் சத்தமாச் சொல்றேன். நேரத்த எங்க இருந்து எடுக்கறதுன்னு தெரியணும்னா, ரோட்டு மேல தையல் கடை வெச்சிருக்கிற சுல்தானாவப் போய்ப் பாருங்க.

எங்க ஊரு மல்லங்கொட்டாய். பாலக்கோட்டுல எறங்கி இன்னொரு பஸ் புடிச்சு வரணும். ஊர்ல முக்காவாசிப் பேரு தக்காளிக்காரங்க. சுல்தானா வூட்டுக்காரர் பக்ருதீனு டிவிஎஸ் வண்டியில லுங்கி, நைட்டி மூட்டை கட்டிக்கிட்டு கம்பைநல்லூர், நல்லம்பள்ளின்னு சந்தை சந்தையாச் சுத்தறவர். காலையில போனா பொழுது சாஞ்சுதான் வருவார். சோறாக்கறது, பொண்ணு ஆஃப்ரினப் பள்ளிக்கூடம் அனுப்பறது, கடை, எல்லாம் இவ ஒருத்தி தலையில.

தையல்னா அவ தையல்தான். டவுன்ல போய் தெச்சுட்டு வந்த ஜாக்கெட்டெல்லாம் எங்களுக்கு ஒரு பறிப்புக்குத் தாங்காது, தக்காளிப் பெட்டியத் தூக்கித் தலையில வெக்கறப்பவே அக்குள்ல பிரிஞ்சுரும். சுல்தானா அப்படி விட மாட்டா. தெச்சதப் போட்டுக்கச் சொல்லி, கண்ணாடி முன்னாடி நிறுத்தி, "கைய நல்லா மேல தூக்குங்கக்கா"ம்பா. தலையில பெட்டி இருக்கற மாதிரி தூக்கிக் காட்டணும். அக்குள்கிட்ட கைக்குழியில கொஞ்சம் புடிச்சாலும் அங்கயே கழட்டச் சொல்லிப் பிரிச்சுருவா. எங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் அந்தக் கண்ணாடி முன்னாடி கை தூக்குனவங்கதான்.

இப்ப ஏரி கதைக்கு வர்றேன். எங்க ஊருக்கு மேக்கால ஒரு பெரிய ஏரி. அது நெறஞ்சு வழியறப்ப அந்தத் தண்ணி ஒரு கால்வாயில எங்க ஏரிக்கு வரணும். அந்தக் காலத்துல வந்துச்சு. அப்புறம் கால்வாய் முள்ளும் மண்ணுமாத் தூந்து போச்சு. நடுவுல ஒரு எடத்துல கால்வாய் மேலயே மாதவராஜ் வேலி போட்டு மாங்கன்னு வெச்சுட்டாரு. மாதவராஜ் ஊர்ல பெரிய கை. நல்லது கெட்டதுக்கு முன்ன நிக்கறவர்தான், இல்லன்னு சொல்லல. அதனாலயே எவனும் வாயத் தொறக்கல. மேல ஏரித் தண்ணி ஓடையில வீணாப் போகும், எங்க ஏரியில ஆடு மேயும்.

தண்ணிக்காகப் போரு போட்டோம். போட்ட போரையே இன்னும் ஆழமாப் போட்டோம். அந்த ஆழத்துத் தண்ணியில ஃபுளோரைடாம், அதக் குடிச்சுக் குடிச்சுப் புள்ளைங்க பல்லெல்லாம் காவி படிஞ்சு போச்சு. ஆஃப்ரின் சிரிக்கறப்ப கையால வாய மூடிக்குவா. அழகான புள்ளைங்க அது. சிரிச்சுக்கிட்டே இருந்த புள்ளை பெரிய கிளாஸுக்குப் போனதும் வாய மூட ஆரம்பிச்சுது. அதப் பாத்த நாள்ல இருந்துதான் சுல்தானா ஏரிய விடாமப் புடிச்சுக்கிட்டா.

"உனக்கு ஒரு செண்டு நெலம் கெடையாது, ஏரி நெறஞ்சா உனக்கென்ன, காஞ்சா உனக்கென்ன"ன்னு நானே கேட்டிருக்கேன்.

"உங்க தக்காளி காஞ்சா எனக்கு ஜாக்கெட்டு எங்கக்கா வரும்"னு சொல்லிட்டு மெஷின மிதிச்சா. அதோட விட்டாளா? "பல்லு எல்லா வூட்லயும் ஒரே மாதிரிதான இருக்குது"ன்னா.

சங்கம் வெக்கறேன், கூட்டம் போடறேன்னு அவ கெளம்பல. போட்டா யாரு போவா? எங்களுக்குத்தான் நேரமில்லையே. துணி குடுக்க வர்றவங்க, வாங்க வர்றவங்க எப்படியும் அவ கடையில குந்தணும். குந்துனா சும்மா விட மாட்டா, கையில ஊசிய நூலக் குடுத்து "உங்க ஜாக்கெட்டுக்குக் கொக்கிய நீங்களே வெச்சுருங்கக்கா"ம்பா. நாங்க கொக்கி வெப்போம், அவ மெஷின் ஓட்டிக்கிட்டே ஏரியப் பத்திப் பேசுவா. கால்வாய் எங்க ஆரம்பிக்குது, எங்க அடைச்சிருக்குது, யாருக்கு எழுதணும். ஒருத்திக்குச் சொன்னத அடுத்தவ கிட்ட சொல்லச் சொல்லிக் கேப்பா. தப்பாச் சொன்னா, சிரிச்சுக்கிட்டே திருத்துவா. நான் சரியாச் சொல்ற வரைக்கும் என்னோட ஒரு ஜாக்கெட்ட அவ கையில இருந்து விடவே இல்ல, கழிசடை.

பாலக்கோட்டுக்கு லைனிங் துணி வாங்கப் போற அன்னைக்கே தாலுகா ஆபீஸுக்கும் போயிருவா. வெள்ளிக்கிழமை பக்ருதீன் சந்தைக்குப் போகாம ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசல் போற நேரத்துல, கடைக் கதவப் பாதி எறக்கிட்டு, கால்வாயோரமா நடந்து போய் போட்டோ புடிச்சுட்டு வருவா. போன தடவ அடைச்ச எடம் இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் அடைச்சிருக்குதுன்னு வந்து சொல்லுவா. வெயில்ல முகம் செவந்து போயிருக்கும். வந்ததும் மெஷின்ல உக்காந்துருவா. எனக்கு அவளப் பாத்தா சில நாளு கோவம் வரும், பல நாளு பெருமையா இருக்கும். அவ முன்னாடி ரெண்டையும் காட்டிக்க மாட்டேன்.

கடைசியில ஆபீஸுல ஒருத்தரு வழி சொன்னாரு. கிராம சபையில தீர்மானம் போட்டுக் குடுத்தா, கால்வாய அளந்து தூர் வார்ற வேலையில இந்த வருஷமே எங்க ஏரியச் சேத்துக்கலாமாம். இல்லன்னா இன்னும் எத்தன வருஷமோ. மே மாசச் சபையில ஆள் பத்தலன்னு கலைச்சு விட்டுட்டாங்க. அடுத்தது ஆகஸ்ட் பதினஞ்சு. அதையும் விட்டா, அக்டோபர் சபைக்குள்ள வேலைப் பட்டியல முடிச்சுருவாங்களாம், அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

வர்றோம் வர்றோம்னு எல்லாரும் தலையாட்டுனோம். எங்க ஊர்ல வர்றோம்னு சொல்றது தக்காளி வெல என்னன்னு பாத்துட்டுத்தான். வெல இல்லாதப்போ கூப்புடுங்க, தக்காளிய ரோட்டுல கொட்டிட்டு ஊரே மறியலுக்கு வரும். வெல ஏறிச்சுன்னா சாமி ஊர்வலமே வந்தாலும் எவனும் தோட்டத்த விட்டு வர மாட்டான். பதினாலாந் தேதி மண்டியில வெல கிடுகிடுன்னு ஏறிருச்சு.

பதினஞ்சு காலையில நான், ஆண்டி, கூலியாளுங்க எல்லாம் விடிஞ்சும் விடியாமத் தோட்டத்துல எறங்கிட்டோம். பக்கத்துத் தோட்டத்துலயும் அப்படித்தான். சபை ஞாபகம் எனக்கு வந்துச்சு. "இன்னைக்குப் பறிக்காம என்னைக்கு பறிக்கறது"ன்னாரு ஆண்டி. நானும் குனிஞ்சுட்டேன்.

ஆனா அடுத்த செவ்வாய்க்கிழமை மாரியம்மன் பண்டிகை. ஊர்ப் பொம்பளைங்க புது ஜாக்கெட்டெல்லாம் சுல்தானா கடையில கெடக்குது, பதினஞ்சாந் தேதி தர்றேன்னு சொல்லியிருந்தா. முதல் பறிப்ப ஏத்தி அனுப்பிட்டு, வாங்கிட்டு வந்துரலாம்னு போனேன். கடை பூட்டியிருந்துச்சு. கதவுல சாக்பீஸ்ல பெருசா எழுதியிருந்தா: 'ஜாக்கெட் எல்லாம் சமுதாயக் கூடத்தில்.'

சமுதாயக் கூடத்துலதான் சபை. திட்டிக்கிட்டே போனேன். என்னை மாதிரியே திட்டிக்கிட்டு ஒரு கூட்டம் முன்னாடியே அங்க நின்னுச்சு. சுல்தானா வாசல்ல ரெண்டு பெரிய பையோட உக்காந்து, ஒவ்வொரு பேராக் கூப்புட்டு ஜாக்கெட்டக் குடுத்தா. அப்புறம் முடிச்சாப் போதும்னு இருந்த துணியெல்லாம்கூட முடிச்சு எடுத்துட்டு வந்திருக்கா. கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு.

"ஏம்மா, எங்க பொழப்போட வெளையாடுறியா? தோட்டத்துல ஆளுங்க நிக்கறாங்க"ன்னு ஏறிட்டேன்.

"ஜாக்கெட்ட எடுத்துட்டுப் போறதுன்னா போங்கக்கா, புடிச்சு வெக்க மாட்டேன். ஒரு அரை மணி நேரம் உக்காந்தா ஏரி நெறையும்"னா.

ஜாக்கெட்டக் கையில வாங்கிட்டு எப்படிப் போறது சொல்லுங்க. உள்ள போய்க் கையெழுத்துப் போட்டேன். என் பின்னாலயே மத்தவங்களும் வந்தாங்க. இந்தத் தடவை ஆள் பத்திச்சு.

கிளார்க்கு வரவு செலவெல்லாம் வாசிச்சு முடிச்சதும், சுல்தானா கையில போட்டோவெல்லாம் எடுத்துக்கிட்டு எந்திரிச்சா. மாதவராஜ் சேர்ல சாஞ்சுக்கிட்டே, "ஒரு நிமிஷம்ங்க. இந்தம்மாவுக்கு இந்தப் பஞ்சாயத்துல ஓட்டு இருக்குதுங்களா?"ன்னாரு.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்க பஞ்சாயத்து. அவ வூடும் கடையும் அந்தப் பக்கம், அது டவுன் பஞ்சாயத்து. ஒரு ரோடுதான நடுவுல, எங்களுக்கு அது தோணவே இல்ல. வந்திருந்த அதிகாரி சங்கடப்பட்டுக்கிட்டே, "ஓட்டு இல்லாதவங்க பேச முடியாதும்மா, வெளிய இருங்க"ன்னாரு. சுல்தானா "சரிங்க"ன்னுட்டு, போட்டோவ என் மடியில வெச்சுட்டு வெளிய போய் ஜன்னலோரமா நின்னுட்டா. அவளுக்கு இது முன்னாடியே தெரியும்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. ஒவ்வொருத்தி கிட்டயும் சொல்லச் சொல்லிக் கேட்டது இதுக்குத்தான்.

"அப்புறம் என்ன, அடுத்த பொருளுக்குப் போலாம்"னாரு மாதவராஜ்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோவம் வந்துச்சுன்னு தெரியல. எந்திரிச்சுட்டேன். "மேல ஏரி வழியறப்ப அந்தத் தண்ணி எங்கங்க போகுது?"ன்னு கேட்டேன். மடியில இருந்த போட்டோவத் தூக்கிக் காட்டுனேன். யுவராணி, நேத்துக் கல்யாணமாகி வந்த பொண்ணு, அவ எந்திரிச்சா. "கால்வாய அளந்து குடுங்க. யாரு வேலின்னு நாங்க சொல்லல, அளந்தா தெரிஞ்சுட்டுப் போகுது"ன்னா. கோவிந்தம்மா உக்காந்த எடத்துலயே, "எங்க வூட்டுப் புள்ளைங்க ஒண்ணுக்காவது பல்லு வெள்ளையா இருக்குதான்னு வந்து பாருங்க சார்"னு சொல்லிட்டு அழுதுருச்சு. ஆளுக்கு ஒண்ணு சொன்னோம். எல்லாம் கொக்கி வெச்சுக்கிட்டே கேட்டது, கண்ணாடி முன்னாடி நின்னு திருப்பிச் சொன்னது.

அதிகாரி எழுதிக்கிட்டாரு. "தீர்மானத்துக்குச் சம்மதம்னா கைய ஒசத்துங்க"ன்னாரு.

தூக்குனோம். தக்காளிச் செடிக் கறை புடிச்சுப் பச்சையும் கருப்புமா இருந்த கைங்க எல்லாம் மேல போச்சு. எனக்குப் பக்கத்துல சசிகலா உக்காந்திருந்தா. மாதவராஜ் சம்சாரம். அவளும் ஜாக்கெட் வாங்க வந்தவதான். புருஷன் பாத்துக்கிட்டே இருக்கறாரு. அவ கை மெதுவா மடிய விட்டு எந்திரிச்சுது, தோள் வரைக்கும் வந்து நின்னுருச்சு. மேலயும் போகல, கீழயும் எறங்கல. அதிகாரி எண்ணி முடிக்கற வரைக்கும் அப்படியே இருந்துச்சு. தீர்மானம் நெறவேறிருச்சு.

நான் வெளிய ஓடிவந்து சுல்தானா கையப் புடிச்சுக்கிட்டேன். அழுகை வந்துருச்சு, மறைக்கல. இந்த ஊருக்காக இத்தன பாடு பட்டவளுக்கு, ஒரு கை தூக்கக்கூட உரிமை இல்லாமப் போச்சேன்னு இருந்துச்சு. அவ அழவும் இல்ல, பெருசாச் சிரிக்கவும் இல்ல. காலிப் பையச் சுருட்டிக்கிட்டே, "ஜன்னல் வழியாப் பாத்தேன்கா. எல்லாருக்கும் கை நல்லா மேல போச்சு. சசிகலா அண்ணிக்கு மட்டும் கைக்குழி புடிக்குது. ஜாக்கெட்டக் கடைக்கு எடுத்துட்டு வரச் சொல்லுங்க, பிரிச்சு விடறேன்"னா.

சசிகலா போட்டிருந்த ஜாக்கெட்டு எங்கயும் புடிக்கல. பக்கத்துல உக்காந்திருந்த எனக்குத் தெரியும், தெச்ச சுல்தானாவுக்குத் தெரியாமலா இருக்கும்? இன்னைக்கு ராத்திரி சசிகலா வூட்ல ஏன் கைய ஒசத்துனன்னு கேள்வி வராம இருக்காது. நாளைக்கு அவ வாசப்படி தாண்டறதுக்கு ஒரு சாக்கு வேணும். அந்த வேலிய ஒட்டுன நெலம் சசிகலா பேருல இருக்குது, அளக்க வர்றப்ப அவ கையெழுத்துத்தான் வேணும்.

"சொல்றேன்"னேன். அப்புறந்தான் தோட்டத்துல ஆளுங்க நிக்கறது ஞாபகம் வந்து, ஜாக்கெட்ட இடுப்புல சொருவிக்கிட்டு மொதல்ல சசிகலாவத் தேடிப் போனேன்.