மூன்றாம் எண் வண்டியைப் பார்த்தவர்

சனிக்கிழமை காலை, குழந்தைகளின் ஹெல்மெட்டுகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தபோது ஏசுபாதம் அண்ணனின் எண்ணிலிருந்து போன் வந்தது. அவர் ஊரான பெருநகரிலிருந்து வரும் பஸ்ஸை விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, "இன்னாண்ணே, இன்னும் கெளம்பலியா?" என்றுதான் எடுத்தேன். பேசியது அவர் மனைவி. "உங்க அண்ணன் பூட்டாரும்மா. நாஷ்டா துன்ன ஒக்காந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு." அறுபது வயதுகூட ஆகவில்லை. கையில் இருந்த ஹெல்மெட்டை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

உத்திரமேரூர் பக்கத்து எங்கள் பண்ணை விடுதிக்கு வந்துபோனவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். முன்பு வேர்க்கடலை விளைந்த மேட்டு நிலத்தில், பழைய டயர்களை அடுக்கி வளைத்த செம்மண் டிராக்கில், சென்னைப் பிள்ளைகளுக்கு நாலு சக்கர பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். அதற்கு முன் இருபது வருஷம் டிராக்டர் ஓட்டியவர். எனக்கு அங்கே ஹெல்மெட், முழங்கால் கவசம் மாட்டிவிடுவதும் போட்டோ எடுப்பதும் வேலை. ஆறு வருஷம் சேர்ந்து வேலை செய்தோம்.

அவருடைய முதல் பாடத்தில் வண்டி கிளம்பவே கிளம்பாது. இன்ஜினை அணைத்துவிட்டுக் குழந்தையை உட்காரவைப்பார். வலது கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்துகிற சின்ன நெம்புகோல்தான் ஆக்சிலேட்டர். "அமுக்கு நைனா" என்பார்; அமுக்கும். "வுடு" என்பார், விடும். பேச்சுக்கு நடுவே, சாக்லேட் கொடுக்கும்போது, அம்மா கூப்பிடும்போது என்று எதிர்பாராத நேரத்தில் எல்லாம் "வுடு" என்பார். முப்பது தடவை யோசிக்காமல் விட்ட பிறகுதான் சாவியைத் தொடுவார். "பயந்தா புள்ள இறுக்கிப் புடிக்கும், அது பொறவிக் கொணம். ஓட்ட யாரு வேணா கத்துக்குடுக்கலாம், வுடத்தான் கத்துக்குடுக்கணும்" என்று பெற்றோரிடம் சொல்வார். அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர் அசையமாட்டார்.

ஒரு அப்பா, ஐந்து வயது மகனை முன்னால் வைத்துக்கொண்டு தானே ஓட்டுவேன் என்று நின்றார். இது ஒருத்தர் வண்டி, இரண்டு பேர் ஏறினால் வளைவில் கவிழும் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். "நான் கார் ஓட்டுறவன், எனக்கே சொல்றியா?" என்றார் அந்த மனிதர். அண்ணன் கோபப்படவில்லை. வண்டியின் பின்னால் தொங்கும் சிவப்புக் கயிற்றை அவர் கையில் கொடுத்தார். அதை இழுத்தால் இன்ஜின் நின்றுவிடும். "புள்ள ஓட்டட்டும் சார். நீங்க இதப் புடிச்சிக்கினு பின்னாடியே ஓடியாங்க. அப்பன் வேல அதான்." இரண்டு சுற்றிலேயே மனிதருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அண்ணன் நாள் பூராவும் அப்படித்தான் ஓடினார்.

தினமும் பிள்ளைகள் வருவதற்கு முன், ஒன்பது வண்டிகளின் ஆக்சிலேட்டரையும் அழுத்தி அழுத்தி விட்டுப் பார்ப்பார். நெம்புகோல் 'டக்' என்று திரும்பவேண்டும். அதற்குப் பின் யாரும் வண்டியைத் தொடக்கூடாது. முதலாளியே தொட்டாலும் மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். இதைச் சொல்லித்தான் நான் அவரைக் கிண்டல் செய்வேன். "அண்ணே, ஜெபம்கூட இத்தினி தடவ பண்ணமாட்டீங்க போல" என்பேன். சிரிப்பார்.

இனி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய விஜயதசமி. முதல் நாள் ஆயுத பூஜைக்கு நாங்கள் வண்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தோம். அண்ணன் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் பூஜைக்கு வந்து நின்று பொரிகடலை வாங்கித் தின்றார். மறுநாள் காலை ஒன்பது மாலைகளையும் அவரே கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு வண்டியாக அழுத்திப் பார்த்தார். வாடுவதற்குள் மாலையைக் கழற்றியது எனக்கு ஆகவில்லை. நல்ல நாளும் அதுவுமாய் வண்டி மொட்டையாய் நிற்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது ஏழு வயதுப் பாப்பா. "விஜயதசமி இல்ல, மாலையோட ஒரு போட்டோ எடுங்களேன்" என்று அவள் அம்மா கேட்டார். அண்ணன் அந்தப் பக்கம் டிராக்குக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு மாலையை எடுத்து மூன்றாம் எண் வண்டியின் கைப்பிடியில் சுற்றினேன். போட்டோ எடுத்தேன். அண்ணன் திரும்பி வருவது தெரிந்ததும் வெடுக்கென்று பிடுங்கி ஒளித்தேன். மாலை கட்டிய வாழைநாரில் ஒரு துண்டு நெம்புகோலின் இடுக்கிலேயே தங்கிவிட்டது. நான் பார்க்கவில்லை.

அண்ணன் பாப்பாவுக்கு 'வுடு' பாடம் நடத்தினார். அழுத்த அழுத்த நார் உள்ளே இறங்கி, நெம்புகோல் தயங்கித் தயங்கித் திரும்பியிருக்கிறது; இன்ஜின் அணைந்திருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை. பிஞ்சு விரல் நன்றாகத்தான் எழும்பியது. முதல் சுற்று மெதுவாகப் போனது. இரண்டாவது சுற்றில், வளைவுக்கு முன்னால், "வுடு" என்றார். பாப்பா சொன்னபடியே விரலை எடுத்துவிட்டாள். நெம்புகோல் பாதியிலேயே சிக்கிக்கொண்டது, வண்டி வேகம் குறையவில்லை. அண்ணன் கயிற்றை இழுத்தார், இன்ஜின் நின்றது. அதற்குள் வண்டி டயர் அடுக்கில் மோதிவிட்டது. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. கை எலும்பு முறிந்தது. "நான் விட்டேன் அங்கிள், நான் விட்டேன்" என்று அந்தக் குழந்தை அழுத அழுகை இப்போதும் என் காதில் கேட்கிறது.

எல்லோரும் குழந்தையிடம் ஓடினார்கள். நான் வண்டியிடம் ஓடினேன். இடுக்கில் நார் இருந்தது. பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

சாயங்காலம் அண்ணன் அந்த நெம்புகோலை நூறு தடவை அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகத் திரும்பியது. குழந்தை பொய் சொல்லும் என்று அவரால் நினைக்க முடியவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார். "காலையில மூணாம் நம்பர நான் பாத்தனாம்மா? நீ அங்கதான இருந்த."

"தெரியலண்ணே. நான் கவனிக்கல" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். பிறகு நேராக முதலாளியிடம் போய், "ஒரு வண்டிய வுட்டுட்டேன் போல கீது, என் தப்புதான்" என்றார். முதலாளி என் அப்பாவுக்குத் தூரத்து உறவு. உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்குத் திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். கூலிக்கார வீட்டிலிருந்து வந்த அவர் மேல் பழி சுலபமாக உட்கார்ந்தது. நாலு மாதம் குழந்தைகள் பக்கமே விடாமல் தண்ணீர் தெளிக்க வைத்தார்கள். திரும்பி வந்தபோது அவர் பழைய ஆள் இல்லை. ஒன்பதாவது வண்டி வரை பார்த்துவிட்டு, சந்தேகப்பட்டு முதல் வண்டிக்குப் போவார். வண்டிக்குப் பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணுவார். நான் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டேன். அதையும் அவர் தன் தப்புக்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மூணு வருசமா அந்தாளு சரியா தூங்கலம்மா. பாதித் தூக்கத்துல எழுந்து, 'பாத்தனா பாக்கலியா'ன்னு என்னியதான் கேப்பாரு. எனக்கு இன்னா தெரியும்? நீ ஒரு வார்த்த சொல்லி இருந்தா தூங்கி இருப்பாரு."

நான் சொன்ன சமாதானம் எதுவும் இங்கே எழுதத் தக்கதல்ல. இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுது. எல்லாரும் படிக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

இன்று ஹெல்மெட் மாட்டும்போது பிள்ளைகளுக்கு அவருடைய பாடத்தை நான்தான் நடத்துகிறேன். அது அவர் எல்லோருக்கும் கொடுத்தது. எனக்கென்று அவரிடமிருந்து இருப்பது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் அன்றைக்கே என்னிடம் இருந்தது. அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் கேட்கும்படி இப்போது சொல்கிறேன்.

பாத்தீங்கண்ணே. மூணாம் நம்பரையும் பாத்தீங்க. ரெண்டு தடவ அமுக்கிப் பாத்தீங்க. நான் அங்கதான் இருந்தேன்.