அசையாதிருக்க வேண்டிய முட்டைகள்

சிறுநீரின் கடைசிச் சொட்டுகள் சிவந்திருந்தன. மூன்று நாள் பார்த்துவிட்டு, நான்காம் நாள் திருநெல்வேலிக்குப் போய் மருத்துவரைப் பார்த்தேன்.

நான் ஒன்பது ஆண்டுகள் ஆப்பிரிக்காவில், ஏரிக்கரை ஊரொன்றில் கணக்கு வாத்தியார். கோவில்பட்டிக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏரியில் குளித்தபோது தோல் வழியே நுழைந்த புழுக்கள், சிறுநீர்ப்பையைச் சுற்றிய ரத்தக்குழாய்களில் தங்கி முட்டையிட்டுக்கொண்டிருந்தன. சிஸ்டோசோமியாசிஸ் (நன்னீரிலிருந்து தொற்றும் புழுநோய்) என்றார்கள்.

மாத்திரை விழுங்கிய ஆறாம் வாரம் சோதித்தால் சிறுநீரில் பதினேழு முட்டைகள். அந்தத் தாளோடு மறுபடி திருநெல்வேலிக்குப் போனேன்.

"எண்ணிக்கையை விடுங்க சார். புழு செத்த பிறகும் பழைய முட்டை வெளிய வந்துக்கிட்டுதான் இருக்கும். அதுக்கு உயிர் இருக்கான்னு பாக்கணும்" என்றார் மருத்துவர்.

நண்பகல் சிறுநீரைத் தெளியவைத்து, அடியில் படிந்ததில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, வெளிச்சத்தில் வைக்க வேண்டும். உயிருள்ள முட்டை பொரிந்து மிராசிடியம் (நீந்தும் நுண்குஞ்சு) வெளிவரும்.

எங்கள் ஊர் லேபில் ஒரு மணி நேரம் வைத்தார்கள். ஒன்றும் பொரியவில்லை.

"எல்லாம் செத்துப்போச்சு சார். சந்தோஷமாப் போங்க" என்றார் லேப் பெண்.

"என்ன தண்ணி ஊத்துன?"

"காலைல குழாய்ல வந்த புதுத் தண்ணி. குளோரின் வாடைகூட இன்னும் போகல, அவ்வளவு சுத்தம்."

அங்கிருந்தே மருத்துவருக்குப் போன் செய்தேன். குளோரின் குஞ்சுகளைக் கொன்றுவிடும், இந்தச் சோதனை செல்லாது, குளோரின் போன பழைய தண்ணீர் வேண்டும் என்றார்.

இங்கே குழாயில் தண்ணீர் தினமும் வராது. வரும் நாளில் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பார்கள். வீட்டுக்கு ஓடினேன். மனைவி டிரம்மைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, கொட்டாத!"

"எட்டு நாள் தண்ணி. இதுல மீனா வளக்கப் போறீய?"

"புழு பொரிக்கணும்."

"நல்லாருக்கு. நீங்க எண்ணுறதுக்கு அது ஒண்ணுதான் பாக்கி."

ஆனாலும் ஒரு பாட்டில் நிறைய ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் நண்பகல் அந்தத் தண்ணீரில் சோதித்தார்கள். இருபத்தாறாவது நிமிடம் ஒரு வெள்ளைப் புள்ளி நீந்தியது. பிறகு இன்னொன்று. மாத்திரையை மறுபடி விழுங்கினேன்.

இதே நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முட்டை செத்துவிட்டது என்று சொன்னால், என்ன தண்ணீரில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

ஆறு வாரம் கழித்து, மீண்டும் டிரம் தண்ணீர். ஐந்து முட்டைகள். கண்ணாடிக் குடுவையை விளக்கடியில் வைத்துக் குனிந்திருந்தேன். நாடித்துடிப்பை எண்ணி எண்ணி, இந்த உடம்பில் எது நின்றுவிடுமோ என்று பயந்தே எழுபத்தோரு வயதானவன் நான். அந்த ஒரு மணி நேரம், என்னிடமிருந்து வந்தது எதுவும் அசைந்துவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதுவும் அசையவில்லை.

"முடிஞ்சுது சார்" என்று லேப் பெண் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் எரியட்டும்மா" என்றேன்.