பக்கவாட்டில் திரும்பிய காட்டுமாடு

மூன்று வருடங்களுக்கு முன், மகளின் முழுப்பரீட்சை முடிந்த கையோடு நாங்கள் மூணாறு போயிருந்தபோது நடந்தது இது. எங்களுக்கு ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை பக்கம். நெல்லும் தென்னையும் உண்டு, தொழுவத்தில் ஒன்பது மாடுகள். விவரம் தெரிந்த நாள் முதல் மாடுகளோடு புழங்குகிறவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மகளுக்கு அப்போது பத்து வயது. உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற விலங்கைப் பற்றிப் படித்தாலும் அப்படியே மனதில் ஏற்றிக்கொள்வாள். உடுமலைப்பேட்டை தாண்டி, கார் சின்னாறு காட்டுக்குள் நுழைந்ததுமே கேள்விகளை ஆரம்பித்துவிட்டாள். எந்தப் பிராணிக்கு மூன்று இதயம்? ஆக்டோபஸ். அதன் ரத்தம் என்ன நிறம்? நீலம். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு? ஏழு, நமக்கும் ஏழுதானாம். பனிக்கரடியின் ரோமத்துக்கு அடியில் தோல் என்ன நிறம் என்றாள். வெள்ளை என்றேன். கறுப்பு என்று சொல்லிச் சிரித்தாள். ஆஸ்திரேலியாவில் வாம்பேட் என்று ஒன்று இருக்கிறது, அது போடுகிற சாணி சதுரம் சதுரமாக இருக்கும் என்றாள்.

"அது நம்மகிட்ட இருந்திருந்தா வறட்டி தட்டற வேலையே இல்லீங்க, அப்படியே அடுக்கிடலாம்" என்றாள் என் மனைவி. மறையூர் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மறுநாள் மாட்டுப்பட்டி அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மணி நாலு இருக்கும். மழை பெய்து ஓய்ந்து, மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. வளைவுகளில் திரும்பித் திரும்பி மனைவிக்குத் தலை சுற்றியது. "ஏனுங்க, சித்த நேரம் நிறுத்துங்க" என்றாள். ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக நிறுத்தினேன். அவள் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மகளும் இறங்கினோம்.

தோட்டத்துக்குள் யாரும் நுழையக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். பார்த்தேன். போட்டோ எடுக்க இரண்டு நிமிடம்தானே என்று மகளைக் கூட்டிக்கொண்டு செடிகளுக்கு நடுவே போன ஒற்றையடிப் பாதையில் ஏறினேன்.

கொஞ்ச தூரம் ஏறியதும் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மேலே, மரங்களுக்குக் கீழே, ஒற்றைக் காளை ஒன்று நின்றிருந்தது. எங்கள் பக்கம் காட்டெருமை என்போம், அங்கே காட்டுப்போத்து என்கிறார்கள். கன்னங்கரேலென்ற உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. முதுகு மேடு என் தலைக்கு மேலே இருந்தது.

"அப்பா, இது எருமையே இல்லீங்கப்பா. மாட்டு இனம். உலகத்துல இருக்கிற காட்டு மாட்டுலயே இதுதான் பெருசு" என்று காதோடு சொன்னாள்.

"மாடுதானே, நமக்குச் சொந்தம்தான்" என்றேன்.

அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அது எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, முழு உடம்பும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நின்று, தலையைத் தாழ்த்திக்கொண்டது. என் தொழுவத்தில் ஒரு மாடு அப்படித் திரும்பி நின்றால், சொறிந்துவிடு என்று அர்த்தம். இதுவும் எங்களைக் கண்டுகொள்ளாமல் மேயப் போகிறது என்றுதான் நினைத்தேன். மகளை முன்னால் நிறுத்திப் படம் எடுக்க, போனைத் தூக்கிக்கொண்டு இன்னும் நாலு எட்டு மேலே போனேன்.

"அண்ணே, அசையாதீங்க."

பக்கத்து வரிசையிலிருந்து குரல் வந்தது. சத்தமில்லாத குரல். தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒரு பெண், இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டி, தலையில் மூட்டையோடு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம்.

"மேல ஏறாதீங்க. ஓடவும் ஓடாதீங்க. அதைப் பாத்தபடியே பின்னால வாங்க. பாப்பாவ எங்கிட்ட விடுங்க."

நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். அப்போதுதான் அது மூச்சை உஸ்ஸென்று விட்டது. பிரஷர் குக்கர் சத்தம் மாதிரி இருந்தது. மகள் பயந்துபோய்க் கீழ்நோக்கி ஓடினாள். ஈரமண்ணில் கால் வழுக்கிப் பாதையிலேயே விழுந்தாள். காளை அவளை நோக்கித் திரும்பிவிட்டது.

அதன் பிறகு நடந்தது எல்லாம் நான் ஒரு மூச்சு விட்டு முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அந்தப் பெண் எங்கள் பாதைக்குத் தாண்டி வந்தார். தலையிலிருந்த மூட்டையைப் பலம் கொண்ட மட்டும் எதிர்ப்பக்கச் செடிகள் மேல் வீசினார். மகளைக் கையைப் பிடித்து இழுத்து, தேயிலை வரிசைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருந்த பள்ளத்தில் தள்ளி, அவள் மேலேயே விழுந்து மூடிக்கொண்டார். நானும் பின்னால் உருண்டேன். தரை அதிர்ந்தது. செடிகள் முறிகிற சத்தம் கேட்டது. தலையைத் தூக்கினபோது கொழுந்து மூட்டை கிழிந்து காற்றில் பறந்துகொண்டிருந்தது. காளை அதை இன்னொரு தடவை முட்டிவிட்டு, சரிவில் இறங்கி, எதிரே இருந்த காட்டுக்குள் போய்விட்டது.

மூவரும் பள்ளத்திலேயே எழுந்து உட்கார்ந்தோம். மகள் அழவில்லை. அந்தப் பெண்ணின் முழங்கையிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

"அது கிளம்பப் போகுதுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"ஒடம்பத் திருப்பிக் காட்டுச்சுல்ல. நான் எம்புட்டுப் பெருசுன்னு பாத்துக்க, போயிருன்னு சொல்லுது. அதையும் மீறிக் கிட்டப் போனாத்தான் வரும். அது மேல குத்தமில்லண்ணே."

மகள் மெல்ல எழுந்து, "உங்களுக்குப் பயமா இல்லீங்களா?" என்றாள்.

"பயந்துட்டேன் பாப்பா" என்று மகள் மேல் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டார். "எனக்கும் உன் வயசுல ஒண்ணு இருக்கு. இந்நேரம் லயத்துல எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்."

லயம் என்று அவர் சொன்ன வரிசை வீடுகள் கீழே பனிக்கு நடுவில் தெரிந்தன. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி விஷயம் தெரிந்ததும் என்னை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தன் துப்பட்டாவால் முழங்கையில் கட்டுப் போட்டாள். பிறகு நாங்கள் மூவரும் செடிகளுக்கு நடுவே குனிந்து சிதறிக் கிடந்த கொழுந்தைப் பொறுக்கினோம். காரிலிருந்த போர்வையில் கட்டி, நானே தலையில் சுமந்துகொண்டு எடை போடுகிற கொட்டகை வரை அவர் பின்னால் நடந்தேன்.

அங்கே இருந்த மேற்பார்வையாளர் சேறு படிந்த கொழுந்தைப் பார்த்து அந்தப் பெண்ணிடம் சத்தம் போட்டார். முறைப்படி, தோட்டத்துக்குள் நுழைந்த என்னைத்தான் அவர் திட்டியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டார்.

"வழுக்கி விழுந்துட்டேன் சார். இவுக ரோட்டுல போனவுக, தூக்கிட்டு வந்து குடுத்தாக."

சொல்லிவிட்டு, பேசாமல் இருங்கள் என்பது போல என்னைப் பார்த்தார். என்னால் இருக்க முடியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். மேற்பார்வையாளர் என்னை நன்றாகத் திட்டினார். வாழ்க்கையில் ஒரு திட்டை அவ்வளவு நன்றியோடு கேட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் நாங்கள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகளும் நல்ல சிநேகிதிகள். ஆனால் அந்தச் சாயங்காலத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, "அத விடுங்கண்ணே, சாப்பிடுங்க" என்று அவர் எழுந்து போய்விடுவார். அன்றைக்கு அவர் பேசாமல் தன் வரிசையிலேயே இறங்கிப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தனக்கென்று ஒரு பிள்ளை வீட்டில் காத்திருக்கும்போது அவர் என் பிள்ளைக்காகத் தாண்டி வந்ததனால்தான், இன்றைக்கும் காலையில் மகள் தூக்கம் கலைந்து "அப்பா" என்று கூப்பிடும்போது, பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி அவரை நினைத்துக்கொள்கிறேன்.