கம்பெனி வேனில் ஏறிப்போனவர்

இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டு இட்லி எடுக்க அடுப்படிக்குத்தான் போனேன். திரும்பி வந்தால் கட்டில் காலி. நல்லூரில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் முன்னாள் பட்டாளத்துக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் தங்கியிருந்தார்கள். ஊசி போட்டது அந்த அம்மாளுக்குத்தான்; அவருக்கு நினைவு தப்பிக்கொண்டே வந்தது. ஊசி போட்டபின் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி, உயிரே போனாலும் போய்விடும்.

"கேட்டை யாரு தொறந்து போட்டது?" என்று கத்தினேன்.

கூடத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார் அந்தப் பட்டாளத்துக்காரர். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்தவர். "சத்தம் போடாத கண்ணு. வெளிய என்ன வண்டி நின்னுச்சுன்னு கேளு" என்றார். இங்கேயும் அதிகாரமா என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஓடினேன்.

"டிபன் பாக்ஸோட ஒரு அம்மா பனியன் கம்பெனி வேன்ல ஏறுனாங்க. வேலைக்குப் போறாங்கன்னு நெனச்சனுங்க" என்றார் எதிர்க்கடைக்காரர்.

நினைக்கத்தான் செய்வார்கள். காலையில் டிபன் பாக்ஸோடு ரோட்டோரம் நிற்பவரை இங்கே யார் கேள்வி கேட்கிறார்கள்? வேன் நிற்கும், ஏற்றிக்கொள்ளும். புருஷன் எல்லையில் இருந்த காலமெல்லாம் இந்த அம்மாள் பனியன் துணியில் பிசிர் நூல் வெட்டித்தான் குடும்பத்தை ஓட்டியவர். கையில் எடுத்துப் போனதோ காலி டப்பா.

கடைக்காரர் கம்பெனியின் பெயரைச் சொன்னார். போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. அந்தக் கடையிலேயே ஒரு பாக்கெட் தேன்மிட்டாய் வாங்கிக்கொண்டு, பெரியவரையும் ஆட்டோவில் தூக்கி உட்காரவைத்துக் கிளம்பினேன். வழியெல்லாம் நெரிசல்.

கம்பெனிக்குள்ளே மேசையில் குனிந்து பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். முகமெல்லாம் வேர்வை, கை நடுக்கம். "காண்ட்ராக்ட்காரர் அனுப்புன புது ஆளுன்னு நெனச்சுட்டனுங்க" என்றார் சூப்பர்வைசர். "வேர்த்துக் கொட்டுறது தெரியலையாய்யா ஒமக்கு?" என்று எரிந்து விழுந்தேன். மிட்டாயை நீட்டினால் என் கையைத் தட்டிவிட்டார் அம்மாள். "வேலை நேரத்துல தின்னா திட்டுவாங்க."

பெரியவர் ஒன்றை எடுத்து நீட்டினார். "தின்னு சாமி."

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாருங்க? எங்கூட்டுக்காரர் மிலிட்டரில இருக்காரு. வேத்து ஆம்பளை கையில வாங்கித் தின்ன மாட்டனுங்க."

'உங்க புருஷன்தாம்மா' என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். அந்தக் காலத்தில், லீவில் ஊருக்கு வருகிற சிப்பாயின் கையில்தான் மற்ற சிப்பாய்கள் தங்கள் வீட்டுக்கு எதையாவது கொடுத்து விடுவார்களாம்.

"நானும் மிலிட்டரிதானுங்க. லீவுல வந்தனுங்க. உங்க ஊட்டுக்காரர் இதை உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாருங்க" என்றார், சொந்தப் பெண்டாட்டியிடம்.

கத்தரிக்கோல் மேசைக்குப் போனது. ஒன்றை வாங்கி வாயில் போட்டார் அம்மாள். பிறகு இன்னொன்று.

"அவரு நல்லா இருக்காருங்களா?"

"இருக்காருங்க. நீங்க சாப்பிட்டீங்களான்னுதான் கேட்டுட்டே இருக்காருங்க."

"சாப்பிட்டேன்னு சொல்லீருங்க."

"சொல்லீர்றனுங்க" என்றார் அவர்.