பேனரில் வந்த முகம்

ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்று ஆனபின், அங்குள்ள சில பெண்களுக்கு ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மாடியிலிருந்து இணையத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தோம், நானும் என் தோழியும். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். இந்த யோசனையே அவளுடையதுதான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே அடுக்காது.

அந்தப் பெண்கள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கேமரா அணைந்திருக்கும், படம் எதுவும் எடுக்கக் கூடாது. ஒளிந்து படிப்பது வெளியே தெரிந்தால் அவர்களுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே ஆபத்து. இரண்டு பேரும் வாக்குக் கொடுத்தோம்.

திரையில் கறுப்புக் கட்டங்கள், உள்ளேயிருந்து குரல்கள். அவர்களில் ஒருத்தி கணக்கில் புலி. நான் பத்து வரியில் போடுவதை நாலு வரியில் முடித்துவிட்டு, "சரியா டீச்சர்?" என்று அப்பாவி போலக் கேட்பாள். ஒரு நாள் ரொம்பக் கஷ்டமான கணக்கு ஒன்றைப் போட்டுவிட்ட குஷியில், நோட்டைக் காட்டக் கேமராவைப் போட்டாள். நோட்டுக்கு மேலே முகம். முன்பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி. சிரித்தாள், உடனே அணைத்துவிட்டாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியின் கையில் ஃபோன் இருந்ததை நான் பொருட்படுத்தவே இல்லை.

மகளிர் தினத்தன்று எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியைகள் சங்கத்துக் கூட்டம் தில்லைநகரில். காவிரிப் பாலம் தாண்டி ஆட்டோவில் போய் இறங்கினேன். காதுகுத்துக்கே பேனர் வைக்கும் ஊர் இது. மண்டப வாசலிலும் ஆளுயரத்துக்கு ஒன்று. ஒரு பக்கம் கைகூப்பியபடி என் தோழி. மறுபக்கம் அந்தப் பெண், பல் இடைவெளியோடு. கீழே கொட்டை எழுத்தில், 'ஆப்கான் மகளே, அஞ்சாதே!'

அஞ்சாதேயாம். இவள் போய் அங்கே காவல் நிற்கப் போகிறாளா?

"அவ தைரியத்த நாலு பேரு பாக்கட்டுமேன்னுதான்டீ வச்சேன். இங்க தொங்குற பேனர அங்கேர்ந்து யாரு வந்து பாக்கப் போறா?" என்றாள்.

வந்தவர்களெல்லாம் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இறக்கச் சொன்னேன். கூட்டம் முடியட்டும் என்றாள். பக்கத்துப் பூக்கடையில் கத்தி வாங்கி நானே கயிற்றை அறுத்தேன். பேனர் மடங்கி விழுந்தது. பைத்தியக்காரியைப் பார்ப்பது போல எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் காலையிலேயே அவள் அதை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தாள். சாயந்திரம்தான் எனக்குத் தெரிந்தது. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள். வேறு யாராவது செய்திருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது.

சண்டை போட்டு ஃபேஸ்புக்கிலிருந்து படத்தை நீக்க வைத்தேன். அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணுடைய கட்டம் இல்லை. சில நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. ஜெர்மனியில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவுக்கு அனுப்பிவிட்டார், அப்பா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார், இது அக்காவின் ஃபோன், இனி வர முடியாது என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வரி:

"உங்களுக்குக் காட்டத்தான் டீச்சர் கேமராவைப் போட்டேன்."

படத்தை எடுத்துப் போட்டது நான் இல்லை என்று உடனே பதில் எழுதினேன். அது இன்னும் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அவளைப் பொறுத்தவரை துரோகி நான்தான்.