மடவைக் குஞ்சு பார்த்த பக்கம்

எங்கள் உப்பளத்துக்குக் கீழே இன்னொரு கடல் கிடக்கிறது. இடுப்பளவு தோண்டினால் களிமண் முடிந்து கிளிஞ்சல் வந்துவிடும். உள்ளங்கை அகலச் சிப்பி, மூக்கு உடைந்த சங்கு, வாயைத் திறந்தபடியே செத்துப்போன மட்டி. கடல் ஒரு காலத்தில் இங்கேதான் இருந்திருக்கிறது. என்ன கோபமோ, கிழக்கே போய்விட்டது. அது போன பிறகு மேலே படிந்த களிமண்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. தண்ணீரைக் கீழே விடாமல் அது பிடித்துக்கொள்வதால்தான் உப்பு விளைகிறது. அதனால் தை பிறந்ததும் எங்களுக்கு முதல் வேலை மிதிப்பது. வரிசையாக நின்று, வெறுங்காலால், தரை இறுகும்வரை மிதிப்போம்.

அப்பா போன பிறகு அளம் எனக்கும் அண்ணனுக்கும் சரிபாதி. கடல் தண்ணீரை முதலில் கொண்டுவந்து நிறுத்தும் பெரிய தேக்கம் மட்டும் இரண்டு பேருக்கும் பொது. அமாவாசைக்குக் கடல் ஏறும்போது வாய்க்கால் வாயை அடைத்திருக்கும் பலகையைத் தூக்கினால், தண்ணீரோடு மடவை மீன் குஞ்சும் கூட்டமாக உள்ளே வரும். உடனே பிடிக்க மாட்டோம். பாசியைத் தின்று கொழுக்கட்டும் என்று விட்டுவைத்து, தண்ணீர் உப்பேறி அடுத்த பாத்திக்கு மாற்றும்போது பிடித்துக் குழம்பு வைப்போம். அண்ணனுக்கு அந்தக் குழம்பென்றால் உயிர்.

அண்ணன் திண்டிவனத்தில் டயர் கடை வைத்திருக்கிறார். அளத்தில் கால் வைக்க மாட்டார், யோசனை மட்டும் ஓயாமல் வரும். இந்த வருஷத்து யோசனை கிளிஞ்சல். கோழித் தீவனத்துக்கு வாங்குகிறார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். நான் இரும்பை கிராமத்துக்கு ஒரு சாவுக்குப் போய்விட்டு வருவதற்குள், காய்ந்து கிடந்த தேக்கத்தின் தெற்கு மூலையைத் தோண்டிக் கிளிஞ்சலை லாரி ஏற்றிவிட்டார். குழியைப் பார்த்ததும் அண்ணனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"உப்பு வெளையற பாத்தியவா தொட்டேன்? மீனு நிக்கிற குட்டைதானம்மா" என்றார்.

உப்பளத்துக்காரர் பிள்ளை பேசுகிற பேச்சா இது! தேக்கம் ஒழுகினால் பாத்திக்குத் தண்ணீர் ஏது? அவருக்காவது டயர் இருக்கிறது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இதை விட்டால் கதி கிடையாது. நாங்கள் இரண்டு பேருமே களிமண் கொட்டி, குழியை மூடி, முழங்கால் விட்டுப்போகிற மாதிரி மிதித்தோம். அமாவாசைக்குப் பலகையைத் தூக்கினோம். தேக்கம் நிறைந்தது, குஞ்சும் வந்தது. பலகையை இறக்கிவிட்டு, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு குச்சியில் துணி கட்டி நட்டுவைத்தேன்.

மறுநாள் துணி காய்ந்து தொங்கியது. தண்ணீர் ஒரு சாண் கீழே போயிருந்தது.

வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இந்த வருஷம் அவ்வளவுதான், கூலிக்குப் போகலாம் என்றார். நான் கேட்கவில்லை. தண்ணீரில் இறங்கித் தெற்கு மூலையை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். தரை கெட்டியாக இருந்தது. பிறகு எங்கேதான் போகிறது? வரப்பைச் சுற்றி வந்தபோதுதான் குஞ்சுகள் கண்ணில் பட்டன.

மடவைக் குஞ்சுக்கு ஒரு குணம். தண்ணீர் எங்கிருந்து ஓடி வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தை வைத்து எதிர்த்து நிற்கும். பலகை திறந்திருந்தால் எல்லாம் பலகையைப் பார்க்கும். இப்போது பலகை மூடித்தான் இருந்தது. ஆனாலும் வடக்கு வரப்போரம் நின்ற கூட்டம் முழுக்க வரப்புக்கு முதுகைக் காட்டி, வாலை அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது. அப்படியென்றால் தண்ணீர் அவற்றைத் தாண்டி வரப்புப் பக்கம் ஓடுகிறது. அங்கே போய்க் காலை ஊன்றினேன். தொடைவரை உள்ளே போய்விட்டது. காலை இழுத்தபோது கூடவே கிளிஞ்சல் வந்தது.

"வடக்கு வரப்பாண்ட இன்னா பண்ணி வெச்சிருக்க?" என்று போனில் கேட்டேன்.

கடையில் யாருக்கோ டயர் விலை சொன்னார். அப்புறம், "அங்கயும் ஒரு எடம் தோண்டிப் பாத்தாங்கம்மா. சரியில்லன்னு மூடிட்டாங்க" என்றார்.

"ஆள அனுப்பாத. நீயே வந்து மிதி."

மதியத்துக்குள் வந்துவிட்டார். அந்த இடத்தைச் சுற்றி மண்ணால் அணை கட்டி, தண்ணீரை இறைத்து, களிமண்ணைக் கொட்டினோம். அண்ணன் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு எங்களோடு வரிசையில் நின்று மிதித்தார். கிளிஞ்சல் அவர் குதிகாலைக் கிழித்தது. நல்லா வேணும் என்றுதான் எனக்குத் தோன்றியது. குஞ்சு காட்டிக்கொடுத்த கதையை மிதித்தபடியே அவருக்குச் சொன்னேன். பொழுது சாயும்வரை அவரை விடவில்லை. வாய்க்காலில் ஏறிக்கொண்டிருந்த மிச்சத் தண்ணீரை உள்ளே விட்டு, துணியைப் புது மட்டத்துக்கு மாற்றிக் கட்டிவிட்டு வந்தேன்.

காலையில் நான் போனபோது, அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து காலில் கட்டோடு வரப்பில் குந்தியிருந்தார். குச்சியை அவர் பார்க்கவே இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குஞ்சு எந்தப் பக்கம் பாக்குதும்மா?" என்றார்.

நான் குனிந்து நெடுநேரம் பார்த்தேன். ஒன்று கிழக்கே போனது, ஒன்று மேற்கே வந்தது, இரண்டு ஒன்றையொன்று முட்டிக்கொண்டு திரும்பின. அவை எந்தப் பக்கத்தையும் பார்க்கவில்லை. தம்பாட்டுக்குப் பாசி மேய்ந்துகொண்டிருந்தன.